தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையும் இளந்தாய்மார் சங்கமும்

செஞ்சி மலையடிவாரத்துப் பெண்கள் காலங்காலமாகப் பிள்ளை பெற்று வந்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்டதில்லை, ரசீதும் வாங்கியதில்லை. இது இப்படியே போனால் தேசம் என்ன ஆகும் என்ற கவலை யுத்த காலத்தில்தான் வந்தது. அதுவும் செஞ்சிக்காரர்களுக்கு வரவில்லை, சென்னையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்த சில பெரிய மனிதர்களுக்கு வந்தது. பெரிய மனிதர்களுக்குக் கவலை வந்தால் சும்மா இருப்பார்களா? ஒரு தரும நிதி ஏற்படுத்தினார்கள். இருபது வயதுக்கு உட்பட்ட தாய்மாருக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லிக்கொடுக்கும் ஊருக்கெல்லாம் மானியம் உண்டு என்று பத்திரிகையில் போட்டார்கள். மானியம் என்ற சொல் காதில் விழுந்த அன்று சாயங்காலமே செஞ்சியில் சங்கம் பிறந்துவிட்டது. பிரசவ வேதனை எதுவும் இல்லை.

பெயர்தான் கொஞ்சம் நீளம். செஞ்சி இளந்தாய்மார் சிசு பரிபாலனப் போதனா சங்கம். பலகை எழுத வந்தவன் பாதியிலேயே இடம் போதாமல் இன்னொரு பலகை கேட்டான். தலைவி சுந்தராம்பாள், ராவ்சாகிப் ஒருவரின் மனைவி. காரியதரிசி இராமச்சந்திரன், ரிடையரான சிரஸ்தார். கோர்ட்டில் காகிதம் பார்த்தே காலம் தள்ளியவர். பிள்ளை வளர்ப்பில் அவருக்கு அனுபவம் உண்டா என்று கேட்டால், உண்டு. பெற்ற மூன்று பிள்ளைகளும் அவரோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வதில்லை.

முதல் தவணை மானியத்தில் ஒரு கண்ணாடி பீரோ வந்தது, ஒரு மணி வந்தது, பட்டணத்திலிருந்து ஒரு செல்லுலாயிட் பொம்மையும் வந்தது. பொம்மைக்கு நீலக் கண், மஞ்சள் மயிர். சுந்தராம்பாள் அதற்குப் 'பேபி' என்று பெயர் வைத்து, கவுன் தைத்துப் போட்டு, தொட்டிலும் கொசுவலையும் வாங்கினாள். பிள்ளையைக் குளிப்பாட்டுவது, துடைப்பது, தூங்கவைப்பது எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. நிஜப் பிள்ளைகள் வகுப்புக்குள் வரக் கூடாது. அவை அழுதால் பிள்ளை வளர்ப்புப் பாடம் கெட்டுப்போகும் அல்லவா? வாசலிலேயே அதற்கும் ஒரு பலகை மாட்டியிருந்தது.

பீரோவுக்குள் பால்பவுடர் டின்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு டின்னின் மேலும் கொழுகொழு வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. பாடம் படித்து, பரீட்சையில் தேறிய இளந்தாய்க்கு ஆளுக்கொரு டின் என்பது நிதியின் நிபந்தனை.

அந்த டின்னுக்காகத்தான் அமலோற்பவம் வந்தாள்.

அவளுக்குப் பதினேழு வயது. புருஷன் செபாஸ்தியான் திண்டிவனத்துக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிப் போகும் வண்டிக்காரன். தை மாதத்துக் காய்ச்சலில் அவள் பிழைத்து எழுந்தாளே தவிர, மார்பில் பால் வற்றிவிட்டது. இடுப்பில் இருந்த பிள்ளை காஸ்பர் கஞ்சித் தண்ணியைக் குடித்துக் குடித்துக் கையும் காலும் சுள்ளியாகிக்கொண்டிருந்தான். கடைத்தெருவில் பால் கிடைக்காதா என்றால், காலையில் கறக்கிற பால் காப்பி கிளப்புகளுக்கே காணவில்லை. ஊரில் மனுஷருக்குக் காப்பி முக்கியம், பிள்ளை அதற்கு அடுத்தபடிதான்.

"பேரு?" என்றார் இராமச்சந்திரன். சொன்னாள். வயது, சொன்னாள். பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, இடுப்பில் இருப்பது உன் பிள்ளைதானே என்று ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்டார். அங்கேதான் வந்தது வினை.

"இல்லீங்க ஐயா," என்றாள்.

"பின்னே யாருது?"

"செட்டியாரம்மாதுங்க. நான் தவுட்டுக்கு வாங்கினதுங்க."

இதை விளங்கிக்கொள்ளாதவர் செஞ்சித் தாலுக்காவில் இருக்க முடியாது. இருந்தாலும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அமலோற்பவத்துக்கு முதல் பிள்ளை ஒன்று பிறந்தது. அவளுக்கே அப்போது விளையாட்டு வயசு. ரோஜாப்பூ மாதிரிப் பிள்ளை. அவள் அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் "எங்கொழந்த, எங்கொழந்த" என்று காட்டினாள். தவழ்வதற்குள் போய்விட்டது. யார் கண் பட்டது என்று தெரியாது. தன் வாய்தான் பட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அவளை ராவும் பகலும் அறுத்தது.

இப்படி ஒரு பிள்ளை தவறிய வீட்டில் அடுத்த பிள்ளையைப் பெற்றவள் தன்னுடையது என்று வைத்துக்கொள்ள மாட்டாள். பிள்ளைகள் தங்கிய ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, அவளிடமிருந்தே தவிட்டை அளந்துபோட்டு வாங்கிக்கொள்வாள். தவிட்டுக்கு வாங்கின பண்டத்தை எமன்கூட ஏறெடுத்துப் பார்க்க மாட்டான். கடைத்தெருவில் தவிடு புண்ணாக்குக் கடை வைத்திருந்த செட்டியாரம்மா ஞானம்பாள் இதற்குப் பேர்போனவள். ஏழு பெற்று ஏழும் தங்கிவிட்டன, ஒன்றைவிட ஒன்று அடங்காப்பிடாரி. அவள் கடையின் இரும்பு மரக்காலில் அளந்து வாங்கப்பட்ட பிள்ளைகள் ஊரில் பலபேர் உண்டு. காஸ்பரையும் பிறந்த அன்றே அவள் வாங்கி, புண்ணாக்கு மூட்டைக்கு நடுவே கொஞ்ச நேரம் கிடத்தி வைத்துவிட்டு, ஒரு மரக்கால் தவிட்டுக்கு விற்றாள். மாதா கோயில் சாமியார் பிரசங்கத்தில் இதைக் கண்டித்தார். எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். காஸ்பர் என்று அவர் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளையைத் தெருவெல்லாம் 'தவுடா' என்றுதான் கூப்பிட்டது.

இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு. வருஷம் திரும்பும்வரை பெற்றவள் தன் வாயால் 'என் பிள்ளை' என்று சொல்லக் கூடாது.

இராமச்சந்திரன் பேனாவைக் கீழே வைத்தார். பிள்ளை இல்லாதவள் தாய் இல்லை, தாய் இல்லாதவள் இளந்தாயும் இல்லை என்று தீர்ப்பு. "என் பிள்ளைன்னு ஒரு வார்த்தை சொல்லு, எழுதிக்கிறேன்," என்றார். அமலோற்பவம் பீரோவில் சிரிக்கிற வெள்ளைக்காரக் குழந்தையைப் பார்த்தாள், இடுப்பில் இருந்ததையும் பார்த்தாள். சொல்லவில்லை.

விஷயம் கமிட்டிக்குப் போனது. மனிதப் பிறவியைத் தவிட்டுக்கு விற்பது அடிமை வியாபாரம், போலீசுக்கு எழுத வேண்டும் என்றார் ஒரு அங்கத்தினர். போலீசுக்கு எழுதினால் சங்கத்தின் பெயர் கெடும் என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் சொன்னது சரி என்று குறித்துக்கொண்டார் இராமச்சந்திரன். பிறகு காப்பி வந்தது. பால் தட்டுப்பாடாக இருந்தும் சங்கத்துக் காப்பி கெட்டியாக இருந்தது. டின்னில் உள்ள பவுடர் கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று அவ்வப்போது பரிசோதிக்க ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள். பரிசோதனையைக் கமிட்டி தன் சொந்த வயிற்றிலேயே நடத்தியது. தியாகம் என்றால் அதுதான்.

காப்பிக்குப் பிறகு புத்தி தெளிந்தது. வாக்குமூலப்படி பிள்ளை ஞானம்பாளுடையது. ஆகவே தாய் ஞானம்பாள். அவளைக் கூப்பிடு.

ஞானம்பாள் தவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே வந்தாள். கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். தாய்க்குத்தான் டின் என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி, நாந்தான் பெத்தேன். எழுதிக்குங்க," என்றாள். வயது கேட்டார்கள். நாற்பத்தெட்டு என்றாள்.

அதற்கு அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டார் இராமச்சந்திரன். இல்லை என்றாள். அத்தாட்சி இல்லாத வயதைச் சங்கம் ஏற்க முடியாது என்று சொல்லி, பத்தொன்பது என்று எழுதிக்கொண்டார். பத்தொன்பதுக்கு மட்டும் அத்தாட்சி எங்கே என்று கேட்க அங்கே யாரும் இல்லை. பங்குனிக்குள் தாய்மாரைக் காட்டாவிட்டால் மானியம் திரும்பிப் போய்விடும். மல்லாட்டை பிடுங்குகிற காலத்தில் பகல் வகுப்புக்கு எந்தக் குமரி வருவாள்? பெயர் கொடுத்த நாலைந்து பேரும் வெயில் ஏறினால் காட்டில்தான் இருந்தார்கள்.

அமலோற்பவத்தை முழுசாகத் துரத்திவிடவில்லை. சங்கத்துக்கும் இரக்கம் உண்டு. பெருக்க, தண்ணீர் எடுக்க, வகுப்பு நேரத்தில் விசிறி போட அவளை வைத்துக்கொண்டார்கள். பிள்ளையை வெளியே வேப்பமரத்துத் தூளியில் போட்டுவிட்டு, உள்ளே இளந்தாய்மார் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த ஞானம்பாளுக்கு அவள் விசிறினாள்.

சுந்தராம்பாளின் பாடங்கள் உயர்தரமானவை. பிள்ளைக்குத் தினமும் இரண்டு ஆரஞ்சு பிழிந்து கொடுக்க வேண்டும் என்றாள். ஆரஞ்சு என்ற பழத்தை ஞானம்பாள் திருவண்ணாமலை தீபத்தின்போது ஒருதரம் பார்த்திருக்கிறாள். தாயானவள் மத்தியானம் இரண்டு மணி நேரம் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்றாள். இந்த ஒரு பாடத்தை மட்டும் ஞானம்பாள் அங்கேயே, அப்போதே நடைமுறைப்படுத்தினாள். குறட்டைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி சுந்தராம்பாள் தொடர்ந்தாள்.

"தாய் என்பவள் தெய்வம். பிள்ளை அழுகிற குரலை வைத்தே அது பசியா, வலியா என்று அவள் உள்ளம் உணரும். எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு ஓட வேண்டும். அமலோற்பவம், வெளியே என்ன அது சத்தம்? வகுப்பு முடியும்வரை நீ விசிறியை விட்டு நகரக் கூடாது."

அமலோற்பவம் நகரவில்லை. விசிறி மட்டும் வேகமாக ஆடியது.

பரீட்சையும் நடந்தது. பேபியைக் குளிப்பாட்டிக் கவுன் போட வேண்டும். ஞானம்பாள் அதன் காலைப் பிடித்துத் தலைகீழாக ஒரு முக்கு முக்கித் தூக்கிக் கொடுத்துவிட்டு, கடையைத் திறக்க நேரமாகிறது என்றாள். ஒரு கேள்வியும் கேட்காமல் படித்த மாணவி என்று அவளுக்கு முதல் வகுப்பு கொடுத்தார்கள். சரி, டின்னைக் கொடுங்க என்று கையை நீட்டினாள். அது முடியாதாம். நிதியின் மேற்பார்வையாளர் சென்னையிலிருந்து வந்து, மேடையில் தன் கையால் கொடுத்து, அதைப் படம் பிடித்து அனுப்பினால்தான் அடுத்த தவணை.

அன்று திரும்பி வரும்போது தூளியிலிருந்து எடுத்த பிள்ளை அழக்கூட இல்லை. ஞானம்பாள் அதன் விலாவைத் தொட்டுப் பார்த்தாள். கேலி எல்லாம் வடிந்துவிட்டது.

"இன்னா அமலு இது, பிள்ள கூடாப் போயிட்டுது. பேசாம போயி எம்பிள்ளன்னு சொல்லித் தொலையேன். டின்னு வந்தா சரி."

"சொன்னா பூடும் செட்டியாரம்மா. மொத தபா சொன்னேனே." முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நடந்தாள். பால் இல்லாவிட்டாலும் போய்விடுவான், சொல்லிப் பால் வாங்கினாலும் போய்விடுவான். கிணறா, குளமா என்று கேட்டால் எதில் குதிப்பாள்?

விழா நாளைச் சென்னையில் குறித்தார்கள். அது அமாவாசை. செஞ்சியில் எந்தக் கைக்குழந்தைக்காரியும் அன்று வீட்டில் இருக்க மாட்டாள், மேல்மலையனூரில் அங்காளம்மன் சந்நிதியில் நெரிசலில் இருப்பாள். இதை எழுதித் தேதியை மாற்றச் சொல்லலாம் என்று யாரோ சொன்னதற்கு, நிதியிடம் அமாவாசை பற்றிப் பேசுவது மரியாதையாகாது என்றார் இராமச்சந்திரன். ஆக, பந்தல் இருந்தது, தோரணம் இருந்தது, நாற்காலிகள் இருந்தன. தாய்மார் மட்டும் இல்லை. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி என்பதால் ஊரில் தங்கிய அமலோற்பவமும், அம்மனுக்கு அடுத்த மாதம் வருகிறேன் என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்த ஞானம்பாளும்தான் இருந்தார்கள்.

மேற்பார்வையாளர் ஜானகி அம்மாள் கரியில் ஓடும் பஸ்ஸில் வந்து, முகமெல்லாம் புகையோடு இறங்கினாள். அதே பஸ் திரும்புவதற்குள் விழா முடிய வேண்டும். திண்டிவனத்திலிருந்து வந்த போட்டோக்காரரிடம் ஒரே ஒரு பிளேட்தான் இருந்தது, யுத்தத் தட்டுப்பாடு. வெளிச்சம் போய்விடும் என்று அவர் நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

முதல் வகுப்பில் தேறிய இளந்தாய், வயது பத்தொன்பது என்று படித்தார்கள். முக்கால்வாசி நரைத்த தலையோடு ஞானம்பாள் மேடையேறினாள். ஜானகி அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"இவருக்கா பத்தொன்பது?"

"கிராமத்துப் பெண்கள் சீக்கிரம் முதிர்ந்துவிடுகிறார்கள் அம்மா," என்றார் இராமச்சந்திரன். "அதைத் தடுக்கத்தானே சங்கமே வைத்திருக்கிறோம்."

எத்தனை பிள்ளைகள் என்று அவள் ஞானம்பாளையே கேட்டாள். ஏழு, மூத்தவனுக்கு முப்பது வயசு என்று உண்மையைச் சொன்னாள் ஞானம்பாள்.

"இதனால்தான் அம்மா," என்றார் இராமச்சந்திரன், கொஞ்சமும் கலங்காமல், "இப்போது தருகிற மானியம் எங்களுக்குப் போதவில்லை."

ஜானகி அம்மாளுக்குச் சந்தேகம் தட்டியது. பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னாள். பந்தல் ஓரத்தில் விசிறியோடு நின்ற அமலோற்பவம் காஸ்பரைக் கொண்டுவந்து, மேஜைமேல் தொட்டிலில் படுத்திருந்த பேபிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். இவள் யார் என்ற கேள்விக்கு, வேலைக்காரி என்றாள் சுந்தராம்பாள். உன் பிள்ளையா என்று மேற்பார்வையாளர் நேராகவே கேட்டாள். பீரோவிலிருந்து எடுத்துவைத்த டின் பளபளவென்று அமலோற்பவத்தின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்லீங்கம்மா. தவுட்டுக்கு வாங்கினது," என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் மேஜை விரிப்பில் சொட்டியது.

இதற்கிடையில் காஸ்பருக்குப் பசி. அவனுக்குக் கீழே இரண்டு பல் முளைத்திருந்தது. பக்கத்தில் ஒரு கொழுத்த கை நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து வாயில் வைத்தான், கடித்தான், இழுத்தான். பட்டென்று ஒரு சத்தம். நீலக் கண் பேபியின் வலது கை தோளோடு கழன்று அவன் வாய்க்குப் போய்விட்டது.

"என் பேபி!" என்று அலறினாள் சுந்தராம்பாள்.

இராமச்சந்திரன் துள்ளி எழுந்தார். சங்கச் சொத்துக்குப் பிள்ளையால் சேதம் வந்தால் தாயே ஜவாப்தாரி என்ற விதியை அவர்தான் எழுதியிருந்தார். அதை ஞானம்பாளின் முகத்துக்கு நேரே ஓங்கிப் படித்தார்.

"நான் இன்னாத்துக்குங்க ஜவாப்பு?" என்றாள் ஞானம்பாள் சாவதானமாக. "பொறந்த அன்னிக்கே தவுட்டுக்கு வித்துட்டேன். வித்த பொருளுக்கு வித்தவ பொறுப்பாவாளா? கோர்ட்டுல இருந்தவரு, நீங்களே சொல்லுங்க."

சட்டம் தெரிந்த மனுஷர் அல்லவா? உடனே அவர் விரல் அமலோற்பவத்தை நோக்கி நீண்டது.

"இவள்தான் பெற்றவள்! ஊர் பூராவும் தெரியும். தவிடாவது, மண்ணாவது! இந்தச் சனியன் பிடித்த வாண்டு இவள் வயிற்றில் பிறந்ததுதான்!"

"மூக்கைப் பாருங்களேன், அப்படியே உரித்து வைத்திருக்கிறதே அந்தப் பீடை," என்று விம்மினாள் சுந்தராம்பாள். அங்கத்தினர் எல்லோரும் எழுந்து, இவள் பிள்ளைதான், இந்தத் தரித்திரம் பிடித்தது இவள் பிள்ளையேதான் என்று ஆளுக்கு ஒரு வசவோடு சாட்சி சொன்னார்கள். தீர்மானமாகவே எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள்.

அமலோற்பவம் முதலில் நடுங்கிப்போனாள். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அவள் சொல்லவில்லை, அவர்கள்தான் சொல்கிறார்கள். அதிலும் கொஞ்சிச் சொல்லவில்லை, திட்டிச் சொல்கிறார்கள். ஊர்கூடித் திட்டினால் திருஷ்டி கழியும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டால்கூட இத்தனை சுத்தமாகக் கழியாது. அவள் நெஞ்சில் அத்தனை நாள் கிடந்த கல் மெல்லப் புரண்டது.

"அப்படியானால்," என்றாள் ஜானகி அம்மாள், "உங்கள் சங்கத்தில் உண்மையான இளந்தாய் ஒருத்தி இருந்திருக்கிறாளா?"

இராமச்சந்திரனுக்கு அடுத்த தவணை கண்ணில் தெரிந்தது. "ஒருத்தி இருக்கிறாள் அம்மா," என்றார் நெஞ்சை நிமிர்த்தி. "நாங்கள்தான் கண்டுபிடித்தோம்."

பஸ்ஸின் ஹாரன் கேட்டது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஜானகி அம்மாள் அவசரமாக டின்னை எடுத்து அமலோற்பவத்தின் கையில் வைத்தாள், போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார், படம் விழுந்தது. பொம்மைக் கையைச் சப்பிக்கொண்டிருந்த காஸ்பரும் அதில் விழுந்தான். அம்மாள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவள் தலை மறைந்ததும் இராமச்சந்திரன் டின்னுக்குக் கையை நீட்டினார். படத்துக்காகத்தான் கொடுத்தது, பீரோவில் அது ஒன்றுதான் பாக்கி, நாளைக்குக் கமிட்டி கூடுகிறது என்றார். அமலோற்பவம் டின்னைப் பிள்ளையோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இந்தத் தடவை தலை குனியவில்லை.

"ஐயாதானே எழுதிக் குடுத்தீங்க," என்றாள்.

பொம்மைக்கு நஷ்டம் என்றார் அவர். ஞானம்பாள் கடைக்குப் போய், இரும்பு மரக்காலில் தவிடு தலைதட்டி எடுத்துவந்து, தீர்மானக் காகிதத்தின் மேலேயே குவித்துவிட்டு, ஒற்றைக் கைப் பேபியை இடுப்பில் எடுத்துக்கொண்டாள்.

"தவுட்டுக்கு வாங்கிக்கினேன். நெறைய நாளு இருக்கும், பயப்படாதீங்க. ஒங்கம்மா எங்க மாமியாக்கிட்ட ஒங்கள வாங்கினது இதே மரக்கால்லதான் ஐயா. நீங்க நல்லா இருக்கல?"

இராமச்சந்திரன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தவிட்டுத் தூசி மூக்கில் ஏறி அவருக்குத் தும்மல் வந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் செபாஸ்தியான் வண்டியை அவிழ்த்துவிட்டு வந்தான். அடுப்படியில் பிள்ளை வயிறு முட்டக் குடித்து, வாயெல்லாம் பால் நுரையோடு அமலோற்பவத்தின் மடியில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தான். அவள் அவனையே பார்த்துப் பார்த்துச் சிரித்தாள், அழுதாள்.

"பிள்ள எப்பிடி இருக்குது?" என்று கேட்டான்.

அவள் பானைக் கரியை விரலில் எடுத்து அந்தக் கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

"இன்னா பெரிய பிள்ள," என்றாள், பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு. "கழுத. தவுட்டுக்குக்கூட பெறாது."